பேனர் மூலையில் ஒரு ஸ்விட்ச்

முட்டாளிடம் நல்ல சரக்கு இருப்பதைப் பார்ப்பதைவிட எரிச்சலான விஷயம் வேறு கிடையாது. கொட்டிவாக்கம் துரைராஜின் காப்புரிமைக் கோப்பை மூன்று வருஷம் சுமந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அவன் செய்த ஸ்விட்ச் மட்டமாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. நிராகரித்தார்களா, சரி என்று கோப்பைக் கட்டி அலமாரியில் போட்டிருப்பேன். நேரில் அவனை 'சார்' என்றுதான் கூப்பிட்டேன், ஐம்பதை நெருங்குகிற ஆள். எழுதும்போது அந்த மரியாதை வர மாட்டேன் என்கிறது.

என் பெயர் ஜோதிலட்சுமி. எலெக்ட்ரிகல் எஞ்சினியரிங் படித்துவிட்டு, தி. நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்சந்தில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கும் காப்புரிமை ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். முதலாளி ஸ்ரீகிருஷ்ணா, மயிலாப்பூர்க்காரர். ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், இது இதுவரை உலகத்தில் எங்கும் இல்லை என்று அரசாங்கத்திடம் வாதாடி, இருபது வருஷத்துக்கு வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது என்று உரிமை வாங்கித் தருவது எங்கள் தொழில். வருகிறவர்களில் பாதிப் பேர் தண்ணீரில் ஓடும் பைக்கோடு வருவார்கள். துரைராஜ் ஒரு மஞ்சள் பையோடு வந்தான்.

பைக்குள் இரண்டு சர்க்யூட் பிரேக்கர்கள். வீட்டு மெயின் போர்டில், கரண்ட் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் தானாக 'டப்'பென்று விழுமே, அதேதான். அதற்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. கரண்ட் எகிறியதும் அது காந்தமாகி, நடுவிலுள்ள இரும்புக் கட்டையை இழுக்கும். கட்டை போய்க் கொக்கியைத் தட்டும், ஸ்விட்ச் விழும். நூறு வருஷத்துப் பழைய சங்கதி. இதில் பத்தாம் வகுப்பில் தவறி, அடையாற்றில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்றும் கடையில் காலம் தள்ளி, பிறகு பாலவாக்கத்தில் ஒரு தகர ஷெட் போட்ட ஆள் என்ன புதிதாகச் செய்துவிட முடியும் என்று நினைத்துக்கொண்டுதான் பையை வாங்கினேன்.

செய்திருந்தான். பாலவாக்கத்தில் கடலைப் பார்த்த ஒரு வீட்டில், பிரேக்கர் விழாமல் வயரெல்லாம் எரிந்துபோன கதையைச் சொன்னான். கழற்றிப் பார்த்தால் உப்புக்காற்றில் துருப்பிடித்து அந்த இரும்புக் கட்டை தன் இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்ததாம். காந்தம் இழுத்தும் அது அசையவில்லை. இரண்டு வருஷம் அதையே நோண்டியிருக்கிறான். பெரிய கட்டையின் நடுவில் துளை போட்டு, துளைக்குள் பித்தளைக் குழாய் செருகி, குழாய்க்குள் விரல்நகம் அளவுக்கு ஒரு குட்டிக் கட்டையை வைத்திருந்தான். பெரியது துருப்பிடித்து மாட்டிக்கொண்டாலும் குட்டி வழுக்கிக்கொண்டு பாய்ந்து கொக்கியைத் தட்டிவிடும். பார்த்தால், அட, இதுதானா என்று தோன்றும். எங்கள் தொழிலில் அப்படித் தோன்றுவதுதான் தங்கம்.

அன்று நான் கேட்ட முதல் கேள்வி எல்லோரிடமும் கேட்பதுதான். விண்ணப்பம் போடும் நாளுக்கு முன்னால் இதை வெளியில் யாருக்காவது காட்டியிருக்கிறீர்களா? ஊருக்குக் காட்டிய பொருள் ஊர்ச்சொத்து. அதற்குப் பிறகு உரிமை கிடையாது. கண்டுபிடித்தவனே காட்டியிருந்தாலும் அதே கதிதான். துரைராஜ் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். மனைவி பாஞ்சாலிக்கும் ஷெட்டில் காயில் சுற்றும் நான்கு பெண்களுக்கும் தவிர, ஈ காக்காய்க்குத் தெரியாது என்றான். ஏப்ரல் மாதம் விண்ணப்பம் போட்டோம்.

அவனுக்கு இதில் என்ன கிடைக்கும் என்பதும் தெளிவாகவே இருந்தது. கோயம்புத்தூரில் பிரேக்கர் தயாரிக்கும் கம்பெனி ஒன்று, விண்ணப்பம் போட்ட பிறகு, சாம்பிளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, காப்புரிமை கையில் வந்ததும் வாருங்கள், ஒப்பந்தம் போடலாம் என்று கடிதமே கொடுத்திருந்தது. அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து வைத்திருந்தான். பாஞ்சாலி பதினாறு வருஷமாகக் காயில் சுற்றிச் சுற்றி, வலது கைக் கட்டைவிரல் மடங்காமல் போயிருந்தது. அதை அவன் சொல்லவில்லை. ஒருநாள் கையெழுத்துப் போட வந்தபோது அவள் பேனா பிடித்த விதத்தில் தெரிந்தது.

துரைராஜுக்குக் கம்பெனியைவிடப் பெயர்தான் முக்கியம். சான்றிதழில் பெயருக்கு முன்னால் 'விஞ்ஞானி' என்று போடுவார்களா என்று கேட்டான். போட மாட்டார்கள் என்றேன். போட்டோ? அதுவும் கிடையாது என்றதும் முகம் தொங்கிப்போயிற்று. அரசு முத்திரையாவது கலரில் இருக்குமா என்று விசாரித்துக்கொண்டு போனான்.

காப்புரிமை அலுவலகத்திலிருந்து பரிசோதகரின் அறிக்கை வந்தது. ஜப்பானியக் காப்புரிமை ஒன்று, ஜெர்மன் ஒன்று, இவற்றில் இல்லாதது உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். முறையான கேள்வி. பதினோரு நாள் உட்கார்ந்து பதில் எழுதினேன். ஜப்பான்காரனிடம் இரட்டைக் கட்டை உண்டு, ஆனால் ஒன்றன் பின் ஒன்றாக. ஜெர்மானியனிடம் பித்தளைக் குழாய் உண்டு, உள்ளே ஒரே கட்டை. துரு பிடித்த பிறகும் வேலை செய்ய வேண்டும் என்று இருவருமே யோசிக்கவில்லை. என் சொந்தக் கையால் எழுதியவற்றில் அதுதான் உருப்படியானது என்று இன்றும் நினைக்கிறேன். பரிசோதகர் ஏற்றுக்கொண்டார். ஸ்ரீகிருஷ்ணா, வழக்கத்துக்கு மாறாக, பேஷ் என்றார். அந்த வாரமே ஆட்சேபம் வந்து விழுந்தது.

உரிமை கொடுக்கும் முன்னால் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆட்சேபித்தவர் பெயர் சண்முகவேல். பெருங்குடியில் மின்பலகை செய்பவர். சாட்சியமாக ஒரே ஒரு போட்டோ இணைத்திருந்தார். திறந்து பார்த்தேன். நாற்பதடி ஃப்ளெக்ஸ் பேனர்.

நடுவில் பட்டுப்பாவாடையும் ராக்கொடியுமாக ஒரு சிறுமி, துரைராஜின் மகள் தமிழ்மொழி. பக்கத்தில் அவளைவிடப் பெரிதாக, கூலிங் கிளாஸ் போட்டுக் கைகூப்பியபடி துரைராஜ். மேலே 'கொட்டிவாக்கத்தின் விஞ்ஞானி, மின்காந்தச் சிங்கம் துரைராஜ் இல்ல மஞ்சள் நீராட்டு விழா' என்று எழுத்து. வலது மூலையில், பொதுவாகத் தலைவர்கள் படம் போடும் இடத்தில், நெடுக்காக வெட்டிக் காட்டிய ஸ்விட்ச். சுருள், பெரிய கட்டை, பித்தளைக் குழாய், குட்டிக் கட்டை, எல்லாம் கலரில். கீழே தேதியும் நேரமும் மண்டபத்தின் பெயரும். பிப்ரவரி. நாங்கள் விண்ணப்பம் போடுவதற்கு இரண்டு மாதம் முன்பு.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நாற்பதடியில் அடித்து நாலு மூங்கிலில் கட்டியிருந்தான்.

போன் செய்து கத்தினேன். யாருக்கும் காட்டவில்லை என்று சத்தியம் செய்தீர்களே?

"காட்லியே மேடம். அது பேனரு. பொண்ணு விசேஷத்துக்கு வச்சது."

பேனரைக் காட்டுவதற்குத்தானே வைப்பார்கள் என்றேன். அது ஊர்க்காரங்களுக்கு, இது கவர்மென்டு மேட்டர், ரெண்டும் எப்படி மேடம் ஒண்ணாவும் என்று என்னையே திருப்பிக் கேட்டான். மூன்றாம் நாள் மாநகராட்சி ஆட்கள் வந்து கிழித்துப் போட்டுவிட்டார்கள், இப்போது அது எங்குமே இல்லை என்று ஆறுதல் வேறு சொன்னான். பேச்சோடு பேச்சாக, அந்தப் பேனரால்தான் பெண் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுது அடம் பிடித்தாள், பஸ்ஸில் பையன்கள் ஏதோ சொன்னார்களாம் என்றான். நான் அதைக் காதில் வாங்கினேனே தவிர மனதில் வாங்கவில்லை. எனக்கு வலது மூலைதான் முக்கியமாக இருந்தது.

சண்முகவேல் யார் என்று கேட்டபோது துரைராஜின் குரல் இறங்கியது. பாஞ்சாலியின் கூடப்பிறந்த அண்ணன். பெண்ணின் தாய்மாமன். சீர்வரிசைத் தட்டு தூக்கி வந்த மனிதர். பேனரில் அவர் படத்தைக் கீழ் வரிசையில், பந்தல்காரர் படத்துக்குப் பக்கத்தில், தபால்தலை அளவுக்குப் போட்டிருக்கிறார்கள். தாய்மாமனுக்கு மேல் வரிசை கொடுக்காத வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று அன்றைக்கே இலையை விட்டு எழுந்து, போகிற வழியில் பேனரைப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். ஸ்விட்சைப் பற்றி அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. தன் முகம் எவ்வளவு சின்னது என்று சொந்தக்காரர்களுக்குக் காட்டத்தான் எடுத்தார். இரண்டு வருஷம் கழித்து மச்சான் காப்புரிமைக்குப் போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் போட்டோவின் அருமை புரிந்திருக்கிறது. ஒரு விஞ்ஞானிக்கு ஏற்ற மைத்துனர்தான்.

விலக்கு ஏதாவது உண்டா என்று சட்டத்தைப் புரட்டினேன். அரசு அறிவித்த கண்காட்சியில் காட்டியிருந்தால் மன்னிப்பு உண்டு. மஞ்சள் நீராட்டு விழா அந்தப் பட்டியலில் இல்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. படம் இருந்தால் மட்டும் போதாது. அதைப் பார்த்துத் தொழில் தெரிந்த ஒருவனால் அந்தப் பொருளைச் செய்ய முடிய வேண்டும். சண்முகவேல் எடுத்ததோ கோபத்தில், ஓடும் ஸ்கூட்டரிலிருந்து எடுத்ததுபோல ஆடிப்போன படம். பெரிதாக்கினால் குட்டிக் கட்டை வெறும் சாம்பல் நிறப் பொட்டாகத்தான் தெரிந்தது. அது நட்டாக இருக்கலாம், ஸ்க்ரூவாக இருக்கலாம், அச்சுக்கோளாறாகவும் இருக்கலாம். இந்தச் சந்தேகத்தின் மேல்தான் வழக்கைக் கட்டினேன். நாலு மடங்கு, ஆறு மடங்கு என்று அந்த மூலையை மட்டும் பெரிதாக்கி, பக்கம் பக்கமாக அச்செடுத்து இணைத்தேன். வழக்கு நிற்கும் என்று ஸ்ரீகிருஷ்ணாவே சொன்னார்.

விசாரணை இப்போதெல்லாம் வீடியோவில்தான். துரைராஜ் வரவே தேவையில்லை. வருவேன் என்று அடம் பிடித்து, வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக, பத்தரை மணி விசாரணைக்கு எட்டரைக்கே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று நான் இரண்டு தடவை சொன்னேன். ஸ்ரீகிருஷ்ணா தன் பாணியில் ஒரு தடவை சொன்னார்.

"நீங்க இங்க வந்ததே நேக்குப் பிடிக்கலே. வந்தாச்சு, உக்காந்துண்டு கேளுங்கோ. வாயைத் திறந்தேள்னா காரியம் கெட்டுடும்."

திரையில் காப்புரிமை அதிகாரி ஒரு கட்டத்தில், சண்முகவேலும் அவருடைய வக்கீலும் இன்னொன்றில். அதிகாரி நிதானமான ஆள், எல்லாவற்றையும் படித்திருந்தார். ஸ்ரீகிருஷ்ணா இருபது நிமிஷம் அழகாகப் பேசினார். அந்த மூலைப்படம் வெறும் அலங்காரம். வாழைமரம், குத்துவிளக்குப் படங்கள்போல அதுவும் ஒன்று. உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த எஞ்சினியராலும் சொல்ல முடியாது. அதிகாரி படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, எனக்கும் அந்தச் சாம்பல் பொட்டு என்னவென்று விளங்கவில்லைதான் என்றார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"அதேதான் சார்" என்றார் ஸ்ரீகிருஷ்ணா. "யாரோ ஃப்ளெக்ஸ் கடைப் பையன் கிறுக்கின கிறுக்கல். ஒரு நட்டா இருக்கலாம்."

நுணலும் தன் வாயால் கெடும். எனக்கு இடது பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. துரைராஜின் முகம் கேமராவுக்குள் வந்து நின்றது.

"சார், நட்டு இல்ல சார். கடைக்காரன் வரைலை, நான் வரைஞ்சது. என் கையால, ஸ்கேல் வச்சி. அது குட்டி பிளஞ்சர் சார், ஆறு எம்.எம். அளவுகூட அம்புக்குறி போட்டு எழுதிக்கீறேன். இவரு போட்டோவுலதான் ஆடிப்போயி கீது, பேனர்ல சோக்கா தெரிஞ்சுது. ரோட்டுல போற லேத்துக்காரன் பாத்தா, சாயங்காலத்துக்குள்ள அடிச்சிக் குடுத்துடுவான் சார்."

நான் மியூட் பட்டனைத் தேடிப்பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதிகாரிக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். பிறகு, கண்டுபிடித்தவர் நீங்கள்தானா, இதைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று தமிழிலேயே கேட்டார். ஆமா சார், பேரு துரைராஜ், துரைக்கு அப்புறம் இடம் விடாம எழுதணும் சார் என்றான். சண்முகவேல் தன் கட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

ஸ்ரீகிருஷ்ணா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு காபி குடிக்கப் போனார். நான் துரைராஜைப் பார்த்து, ஏன் சார் இப்படிப் பண்ணினீர்கள் என்று கேட்டேன். கிறுக்கல்னு சொன்னா எப்படி மேடம் சும்மா இருக்கறது என்றான். அவனுக்கு உண்மையிலேயே மனசு நொந்திருந்தது. ஸ்விட்சு போனதற்கு அல்ல, படத்தைக் குறை சொன்னதற்கு.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. நிராகரிப்பு. கண்டுபிடித்தவரே வந்து, பேனரிலுள்ள படம் தெளிவானது, பார்த்தவர் எவரும் செய்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே இது ஏற்கெனவே ஊரறிந்த பொருள். மேலே வாதாட ஒரு இழை விடாமல் அதிகாரி எழுதியிருந்தார். கோயம்புத்தூர் கம்பெனி மரியாதையாக இரண்டு வரி எழுதி விலகிக்கொண்டது. இனி அவர்களும் சும்மாவே செய்துகொள்ளலாம். சண்முகவேல் அதே மாதம் பெருங்குடியில் உற்பத்தியைத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி. பாஞ்சாலி இன்னும் காயில் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

துரைராஜ் அடுத்த சனிக்கிழமை ஆபீஸுக்கு வந்தான், கையில் மைசூர்பாகோடு. உத்தரவின் அச்சுப் பிரதி, முத்திரையோடு, வேண்டுமாம். கண்ணாடிச் சட்டம் போட்டு ஷெட்டில் மாட்டப் போகிறானாம். 'கண்டுபிடித்தவர் துரைராஜ்' என்றும் 'தெளிவான படம்' என்றும் அதில் இருக்கிறதே, கவர்மென்டே ஒத்துக்கிச்சே மேடம் என்றான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பது பழமொழி. வாழ்வு போன பிறகும் குடை பிடிக்கிறவனை அன்றுதான் பார்த்தேன்.

கூடவே மகளும் வந்திருந்தாள். பள்ளிச் சீருடை வாங்க உஸ்மான் ரோட்டுக்கு வந்தார்களாம். தமிழ்மொழிக்கு இப்போது பதினைந்து வயது, கண்ணாடி போட்டிருந்தாள். முதலில் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. அவன் ஸ்ரீகிருஷ்ணாவின் அறைக்குள் போனதும் என் மேஜையருகில் வந்து நின்று, மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நைனா ஒரு வெப்சைட்டு காட்டுனாரு. அதுல அந்தப் பேனரு கீது. அத எடுத்துட முடியாதாக்கா?"

முடியாது, அது காப்புரிமை ஆபீஸ் தளத்தில் போட்ட அரசாங்கக் கோப்பு, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சொன்னேன். பழக்கத்தில் சொல்லிவிட்டேன், சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

"மாநகராட்சிக்காரங்க கிழிச்ச அன்னிக்கு எவ்ளோ சந்தோசமா இருந்தேன் தெரியுமா" என்றாள். அழவில்லை. சீருடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் போன பிறகு கோப்பைத் திறந்தேன். நான்கு மாதம் அந்தப் படத்தோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். குட்டிக் கட்டையின் ஒவ்வொரு புள்ளியும் எனக்கு மனப்பாடம். நடுவிலிருக்கும் பெண்ணின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். தலைநகைகளின் கனத்தில் தலையைத் தூக்க முடியாமல், கேமராவைப் பார்க்காமல், பக்கத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் மனுவில் முழுப் படத்தையும் மூன்று இடத்தில் நானே மறுபடி இணைத்திருக்கிறேன். முகத்தை மறைத்துவிட்டு இணைத்திருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. தோன்றவே இல்லை. ஸ்விட்ச் படத்தை வைக்க மகளை ஒரு இடமாகப் பயன்படுத்தியவன் என்று துரைராஜைத் திட்டிக்கொண்டே நானும் அதையேதான் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

திங்கட்கிழமை ஒரு மனு எழுதினேன். வழக்கோடு சம்பந்தமில்லாத சிறுமியின் முகம் பொதுப்பார்வையில் இருக்கிறது, மறைத்து வெளியிட உத்தரவிட வேண்டும். எழுதியதற்குக் கட்டணம் வேண்டாம் என்று ஸ்ரீகிருஷ்ணாவே சொல்லிவிட்டார். மைனர் என்பதால் அப்பாவின் கையெழுத்து வேண்டியிருந்தது. பாலவாக்கம் ஷெட்டுக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே பாஞ்சாலி காயில் சுற்றிக்கொண்டிருந்தாள், மேலே சுவரில் சட்டம் போட்ட நிராகரிப்பு உத்தரவு மாலையோடு தொங்கியது.

துரைராஜ் மனுவை இரண்டு தடவை படித்தான். எந்த வாதமும் செய்யவில்லை, கையெழுத்தைப் போட்டான். பேனாவை மூடும்போதுதான் ஏதோ தோன்றி நிமிர்ந்தான்.

"பொண்ணு மூஞ்ச மறச்சுக்கட்டும் மேடம், பரவால்ல. கூடவே என்னுதையும் மறச்சிடப் போறாங்க. அத மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க."

பாஞ்சாலியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். நான் மனுவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.